கடல் காட்டியவர்

அவர் எதையாவது பார்த்து நான் பார்த்ததில்லை. காட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

காட்ட வேண்டிய பொருளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்பார். இடது கை மட்டும் பின்னால் நீளும். "பார்த்தியா?" என்பார். நாம் அந்தப் பொருளைப் பார்ப்போம், அவர் நம் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் போதுமான அளவு வியப்பு ஏறிவிட்டது என்று தெரிந்தால்தான் கை இறங்கும். ஏறவில்லையென்றால் குரல் ஏறும்: "பார்த்தியாடா?"

ஆரணியில் பட்டு முதலாளி. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினைந்து வீட்டுத் தறிகளுக்கு நீளவாக்குப் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்பவர். அப்பா அவருக்கு இருபத்திரண்டு வருடம் நெய்தார். வீட்டில் அவருக்கு "மொதலாளி" என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அவருடைய சொந்தப் பெயரை நான் என் கையால் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அது போதும். இங்கே எழுதப்போவதில்லை.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்லிவிட முடிந்தால் எனக்கு எளிதாக இருக்கும். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வேலூர் போனவர் அவர்தான். பத்து நாள் கழித்து அப்பா எழுந்து உட்கார்ந்தபோது கட்டிலருகே நின்று, வார்டின் உயரமான கூரையையும் சுற்றும் மின்விசிறிகளையும் காட்டினார். "பார்த்தியா? இந்த மாதிரி ஆஸ்பத்திரிய உங்க பரம்பரையிலயே எவனாவது பார்த்திருப்பானா?" அப்பா உட்கார்ந்த வாக்கிலேயே கும்பிட்டார். கலர் டிவி வந்த புதிதில் தறிக்காரர்களை வரிசையாகத் தன் கூடத்தில் உட்காரவைத்து, டிவியின் முன்னால் தானே நின்றுகொண்டு காட்டினார். பாதிப் படம் அவர் தோளுக்குப் பின்னால்தான் ஓடியது. இதையெல்லாம் விடுங்கள், ஆரணியிலேயே பிறந்து வளர்ந்த ஆட்களை ஒருநாள் கூட்டிப்போய் ஆரணிக் கோட்டையைக் காட்டினார். பக்கத்துத் தறி மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"மொதலாளி, நான் தெனம் இந்தாண்டதான் ஒண்ணுக்குப் போறேன்."

"போற. பார்த்தியா?"

மாமா அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாராம். அப்படியும் ஒரு பலம் முதலாளிக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காட்டுவதோடு முடிவதில்லை. காட்டியதை அவர் மறக்க மாட்டார், மறக்கவும் விட மாட்டார். புடவையில் ஓர் இழை விட்டிருந்தால், ஆஸ்பத்திரி வரும். பாவு கேட்டு இரண்டு நாள் முந்திப் போனால், கோட்டை வரும். "காட்டினவன் யாரு?" என்பார். "நீங்கதான் மொதலாளி" என்று சொல்லும்வரை பாவு உள்ளேயிருந்து வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் கடற்கரையோரமாகப் புதுச்சாலை போட்டார்கள். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கடலைத் தொட்டுக்கொண்டே போகலாம் என்று பேச்சு. அவர் காதில் அது விழுந்த பிறகு சும்மா இருப்பாரா? அமாவாசையன்று எங்களூரில் தறி ஓடாது. மாசி அமாவாசையோடு அடுத்த நாளையும் சேர்த்துக்கொடுத்து, ஒரு வேனைப் பேசி, தறிக்காரர்களைக் கடல் காட்டக் கூட்டிப்போனார். முதல் வருடம் நெய்கிற ஆண்கள் மட்டும். ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் பெண்கள் கணக்கில் இல்லை. அடுத்த வருடம் தறிக்கு இரண்டு பேர் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அந்த இரண்டாவது ஆள் தான்தான் என்பதில் சந்தேகமே இல்லை. எட்டு வயதிலிருந்து தார் சுற்றுகிறவள். வந்தவாசியைத் தாண்டிப் போனதில்லை. புளிச்சோறு கிளறி ஆறவைத்து, இருப்பதில் நல்ல புடவையைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். முந்தின நாள் மாலை அவர் வந்தார். வாசலிலேயே நின்று, "ஒம் பையன் காலேஜ் போறான்ல? அவனக் கூட்டிகினு வா. வழியில போர்டு படிக்க ஆளு வேணும். பொம்பளைங்க வந்தா அங்கங்க நிறுத்தணும், ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அப்போது செய்யாறு கல்லூரியில் முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் என்பதில் எனக்கு இருந்த பெருமையைவிட அப்பாவுக்கு இருந்தது அதிகம். "அம்மா வரட்டும், நான் வரல" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் கடலைப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா புளிச்சோற்று அடுக்கை என் கையில் கொடுத்து, "நீ பார்த்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றாள்.

வேனில் அவர் உட்காரவே இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏற யாரையும் விடவில்லை. கீழே நின்றபடியே கையைப் பின்னால் உயர்த்தினார்.

"பார்த்தியா? கப்பலுக்கு வழி காட்டறது இதுதான்."

பக்கத்துத் தறி மாமா அண்ணாந்து பார்த்தார். "இத்தினி ஒசரத்துல வெளக்கு வச்சா, பூச்சி அங்க போயி சேர்றதுக்குள்ளயே செத்துடுமே மொதலாளி."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு மாமாவைப் புதுச்சேரி வரும்வரை பின் இருக்கைக்கு அனுப்பிவிட்டார்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே இடது பக்கம் முழுக்கக் கடல். சவுக்குத் தோப்புகள் விலகும்போது தெரியும், மூடும்போது மறையும். மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக வெயிலில் கிடந்தன. நான் கைகாட்டிகளையும் ஊர்ப் பலகைகளையும் உரக்கப் படித்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே அவற்றை எங்களுக்கு விளக்கினார். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை, புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற பழைய கலங்கரை விளக்கம், எல்லாவற்றுக்கும் பத்து பத்து நிமிடம். "ஜல்தி, ஜல்தி. இன்னும் காட்ட வேண்டியது நெறைய கீது." ஒரு கரையிலும் அவர் செருப்பைக் கழற்றவில்லை. ஈரம் படாத மணலோடு நின்றுகொள்வார். ராத்திரி சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து, பூம்புகார் பார்த்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிவாக்கில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம்.

அங்கே அப்பா நின்றுவிட்டார்.

கோட்டை மதிலோரம், மேற்கே சாய்ந்த வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றார். வேன் ஆரன் அடித்தது. நகரவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"பாவு பச்சை" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. "ஊடை நீலம். அலை மடங்குற எடத்துல பாரு, பச்சை மேல வருது. நிமிர்ந்தா நீலம். கரையில வெள்ளிச் சரிகை, அதுவும் நேரா இல்ல, வுட்டு வுட்டு வருது."

அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. வேனிலிருந்து இறங்கிவந்த முதலாளியும் கேட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அன்றைக்கு இருந்தது அவர் வாழ்நாளெல்லாம் எங்கள் முகங்களில் தேடிய வியப்பு. முதலாளி அப்படியே சொக்கிப்போனார்.

"பார்த்தியா?" என்றார், மிக மெதுவாக.

ஊருக்கு வந்ததும் அம்மா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஊர்ப் பெயர்களைச் சொன்னேன். எந்தக் கோட்டையை யார் கட்டினார்கள் என்று சொன்னேன். எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது சத்தம் போடும்ன்றாங்களே, எப்படிப் போடும்?" என்றாள். "பெரிசா" என்றேன். "சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பா அந்த நிறத்தில் பாவு கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தானாகக் கேட்ட ஒரே பாவு அதுதான். முதலாளியும் தடை சொல்லவில்லை. சாயம் போடுகிறவர் மூன்று முறை தோய்த்தும் பச்சை சரியாக வரவில்லை. நான்காவது முறை அப்பா சாயச் சாலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்து, கடைசியில் தலையாட்டினார். கரைக்கு வெள்ளிச் சரிகை. ஆனால் நேர்கோடாக இல்லை. ஓரிடத்தில் நான்கு இழை, ஓரிடத்தில் ஒன்று, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல். மணலில் நுரை வற்றும் விதம் அது. இதைத் தாளில் வரைந்துகொள்ளவில்லை. கணக்கு முழுவதும் கண்ணிலேயே இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நெய்து தறியிலிருந்து அறுத்த அன்று புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்தபோது, அம்மா முந்தானையை லேசாக ஆட்டிப் பார்த்தாள். பச்சை மேலே வந்தது. நீலம் மேலே வந்தது.

"இதுவா?" என்று கேட்டாள்.

"இதேதான்" என்றார் அப்பா.

முதலாளி அந்தப் புடவையைத் தன் கூடத்தில் தொங்கவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். புடவைக்கு முதுகைத் திருப்பி, கையைப் பின்னால் நீட்டி. அப்பாவையே கூப்பிட்டு அப்பாவுக்கே காட்டினார். "பார்த்தியா? எப்படி வந்திருக்குது!"

அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் கைத்தறிப் புடவைகளுக்கு ஒரு போட்டி வந்தது. விண்ணப்பம் நிரப்ப வேண்டும். "ஒம் பையன் எழுத்து அச்சு மாதிரி இருக்குமே, கூட்டிகினு வா" என்று சொல்லியனுப்பினார். போனோம். கூடத்தில் பாயில் உட்கார்ந்து தொடையில் அட்டையை வைத்து எழுதினேன். புடவையின் நீளம், எடை, எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து வந்தது இரண்டு கட்டம். வடிவமைத்தவர் பெயர். நெய்தவர் பெயர்.

நான் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்தைப் போட்டுவிட்டேன்.

"இன்னா எழுதற?" என்றார் முதலாளி. அவருக்கும் படிக்கத் தெரியாதென்றில்லை.

"அப்பா பேரு."

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, பட்டு யாருது?"

"உங்களுது மொதலாளி."

"சாயம்?"

"உங்களுது."

"கடலக் காட்டினவன் யாரு? நான் காட்டலன்னா இந்தக் கலரு ஒனக்கு எங்கேர்ந்து வந்திருக்கும்? இதுல ஒன்னுது இன்னா கீது, நீயே சொல்லு."

அப்பா தன் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கில் பட்டிழை அறுத்த பழைய கோடுகள் இருந்தன. அதைச் சொல்வார் என்று நினைத்தேன். பேனா முனையில் மை திரண்டு நின்றது.

"எழுதுடா" என்றார் அப்பா. "அவருதான காட்டினாரு."

போட்ட முதலெழுத்தை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்திலும் எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகக் கல்லூரிவரை போனவன் பேனாவை வைத்துக் குடும்பத்துக்காக முதலில் செய்த காரியம் இது.

பரிசு கிடைத்தது. பித்தளைக் கேடயம், பொன்னாடை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேடயத்தைத் துணியில் சுற்றி, வண்டி போட்டுக்கொண்டு முள்ளிப்பட்டுக்கு வந்துவிட்டார், அப்பாவுக்குக் காட்ட. தறிக்குழியில் இருந்த அப்பா எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கேடயத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அதில் முதலாளியின் பெயர் பொறித்திருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டுகீது?" என்று என்னைக் கேட்டார். நான் படித்துச் சொன்னேன். கைகாட்டிப் பலகை படித்த அதே குரலில்.

அவர் போன பிறகு அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "ஒன்னுது இன்னா கீதுன்னு கேட்டாராமே? கையின்னு சொல்ல வேண்டியதுதான? அதுக்கும் வாய் வரலயா?" அப்பா மறுபடி தறிக்குழியில் இறங்கிவிட்டார். இழைகளுக்கு நடுவே நாடா ஓடும் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம் அப்பா எந்தப் பாவையும் கேட்டு வாங்கவில்லை. கொடுத்ததை நெய்தார்.

சில வருடங்களில் முதலாளி இறந்துபோனார். மாரடைப்பு, உட்கார்ந்த இடத்திலேயே. போயிருந்தோம். உடலைக் கிடத்தியிருந்த கூடத்துச் சுவரில் கேடயமும், சுற்றுலாப் படங்களும் மாட்டியிருந்தன. அப்பா மாலையோடு அழுதுகொண்டு நின்றார், நான் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமல்லபுரம், புதுச்சேரி, பூம்புகார், தரங்கம்பாடி. ஒவ்வொன்றிலும் அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார், கை பின்னால் நீண்டிருக்கிறது, கடல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வருடம், எத்தனையோ கரை. இந்த மனிதர் ஒருமுறையாவது அந்தப் பக்கம் திரும்பினாரா? எனக்கு நினைவில்லை. பாவமாக இருந்தது. பாவப்படப் பிடிக்கவும் இல்லை.

எனக்கு வேலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமானதும் முதலில் செய்தது, ஒரு காரைப் பேசி அப்பாவையும் அம்மாவையும் அதே சாலையில் கூட்டிப்போனது. அம்மாவுக்குக் கடல் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. தரங்கம்பாடியில் அந்த மதிலோரம் அப்பாவை நிறுத்தி, "அது என் கலரு" என்று அவர் வாயால் கேட்க வேண்டும். என் கை எழுதியதை அது ஒன்றுதான் அழிக்கும் என்று நம்பினேன்.

போகிற இடங்களையெல்லாம் தாளில் வரிசையாக எழுதிவைத்திருந்தேன். முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். மரக்காணத்தில் அம்மா இறங்கலாமா என்று கேட்டாள். "போற எடத்துல இன்னும் நல்லாருக்கும்மா, நேரமாவுது" என்றேன். புதுச்சேரியில் அவள் கேட்கவில்லை.

இரவு சிதம்பரத்தில் தங்கி, இந்த முறை காலையிலேயே தரங்கம்பாடி சேர்ந்தோம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பின் கரை நெடுகப் பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். எதிரே சூரியன். கண் கூசியது. கடல் முழுக்க ஒரே தகர வெள்ளை.

"பாருங்க" என்றேன்.

அப்பா புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இல்லடா" என்றார். "அன்னைக்கி அவரு காட்டனாரே, அதான் கடலு."

எட்டு வருடமாக உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "அவரு இன்னா, கடல உண்டாக்கினாரா? நீங்க நெய்ஞ்சதுக்கு அவரு பேர எழுதவச்சாரு. நான்தான எழுதினேன்? இந்தக் கையாலதான எழுதினேன்?"

"நான்தான எழுதச் சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க? இப்ப நான் காட்டல? வண்டி வச்சி இத்தினி தூரம் கூட்டிகினு வந்து நான் காட்டலன்னா நீங்க பார்த்திருப்பீங்களா?"

அப்பா கடலிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. பழகிய ஒன்றைப் பார்ப்பது போல இருந்தது.

"நீங்கதான் காட்டின" என்றார். "பார்த்துட்டேன். போலாமா?"

மரியாதையும் ஒருமையும் கலந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தில் அவர் என்னை எங்கே வைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பாவு வாங்கப்போன இடத்தில் இதே குரலில்தான் சொல்லுவார்.

அப்போதுதான் அம்மா பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். முதுகுப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது, அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு.

"இன்னாங்க! இத்தாம் பெரிசா கெடக்குது! இதப்போயா ஒருத்தரு காட்டணும்?"

அப்பா சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைக் கடந்து, பாறைகளின் நடுவே இறங்கிப் போனார்.

நான் திரும்பினேன். அதுவரை நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். என் இடது கை இன்னும் பின்னால் நீண்டிருந்தது.